ஜார்ஜ் டவுனில் எந்த நேரத்தில் எங்கே சாப்பிடலாம்?

நான் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். ஜார்ஜ் டவுன் எங்களுக்கு எதிர்க்கரை. ஃபெர்ரியில் ஏறினால் கால் மணி நேரத்திற்குள் பினாங்குத் தீவில் கால் வைத்துவிடலாம். அதனால் தமிழகத்திலிருந்து உறவினரோ நண்பரோ பினாங்குக்கு வரும்போதெல்லாம், நல்ல சாப்பாட்டுக் கடை ஒன்றைச் சொல்லும்படி என்னிடம்தான் கேட்பார்கள். கடையின் பெயரைச் சொல்வதற்கு முன் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறீர்கள்?

அந்த ஊரில் உணவு தெருவோரக் கடைகளைச் சுற்றியே வளர்ந்தது. ஒரு குடும்பம் ஒரே பண்டத்தை இரண்டு மூன்று தலைமுறைகளாகச் செய்யும். அதையும் நாளின் குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டுமே, பானை காலியாகும் வரை விற்றுவிட்டு வீட்டுக்குப் போய்விடும். காலையில் கூட்டம் அலைமோதிய இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்த நாற்காலிகள்தான் இருக்கும். ஆகையால் நேரம் தெரியாமல் போகிறவர்கள், ஊரின் உண்மையான சமையலைத் தவறவிட்டு, எந்நேரமும் திறந்திருக்கும் சுற்றுலாக் கடைகளில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எனக்கே அப்படி நேர்ந்தது. மதுரையிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தபோது, கோட்டையையும் சீனக் குலக்குழுக்கள் குடியிருக்கும் படகுத்துறைகளையும் சுற்றிக் காட்டுவதிலேயே பிற்பகல் மூன்று மணியாகிவிட்டது. பசி தாங்காமல், புதுப்பிக்கப்பட்ட பழைய கடைவீடு ஒன்றில் இருந்த அழகான உணவகத்துக்குள் நுழைந்தோம். ஆறிப்போன லக்சா நூடுல்ஸும் சுவையற்ற கோழிக்கறியும் வந்தன. சித்தப்பா ஒரு சொல்லும் குறை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். “ஊரு ரொம்ப அழகா இருக்கும்மா” என்று மட்டும் சொன்னார். அந்த அமைதி என்னை நெடுநாள் வருத்தியது. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதும் அதுதான்.

காலையிலிருந்து தொடங்குகிறேன். டிரான்ஸ்ஃபர் சாலையின் ஓரத்தில், மரநிழலில், ரொட்டி சானாய் போடும் கடை ஒன்று இருக்கிறது. நம்மூர்ப் பரோட்டாவின் உறவுதான் என்றாலும், மாவை வீசி விரித்து மெல்லியதாக மடித்துச் சுடுவதால் ரொட்டி சானாய் இன்னும் இளகியிருக்கும். அதைப் பிய்த்துப் போட்டு, மேலே இறைச்சிக் குழம்பை ஊற்றித் தருவார்கள். சீனக் காப்பிக்கடையில் காலைப் பொழுதைக் கழிக்க விரும்பினால், கேம்பல் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கும் தோ சூன் கடைக்குச் செல்லுங்கள். இரும்புப் பீப்பாயில் கரி மூட்டி ரொட்டியை வாட்டி, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்துக் கிண்டிய காயாவையும் வெண்ணெயையும் தடவித் தருகிறார்கள். கூடவே அரைவேக்காட்டு முட்டை இரண்டும், ஒரு கிளாஸ் கோப்பியும் வாங்கிக்கொள்ளுங்கள். காப்பிக்கடைகளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு: மேசையும் பானமும் கடைக்காரருடையவை, சாப்பாட்டு வண்டிகள் வேறு வேறு ஆட்களுடையவை. ஆகவே உட்கார்ந்ததும் ஏதேனும் ஒரு பானம் சொல்லிவிடுவது மரியாதை. சாப்பாட்டுக்கு அந்தந்த வண்டிக்கு எழுந்து சென்று சொல்லிவிட்டு, தட்டு மேசைக்கு வரும்போது பணம் கொடுக்க வேண்டும்.

நண்பகலுக்கு நாசி கண்டார். இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்வேன், ஏனென்றால் பினாங்கின் பெயரோடு உலகமெங்கும் போய்ச் சேர்ந்திருக்கும் இந்த உணவு, கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் கைவண்ணம். நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் வைத்துச் சுமக்கும் காவடித் தடி. ஒரு முனையில் சோற்றுக் கூடையையும் மறுமுனையில் குழம்புச் சட்டிகளையும் தொங்கவிட்டுக்கொண்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளர்களுக்குக் காலையில் சோறு விற்ற மனிதர்கள்தான் இதைத் தொடங்கினார்கள். தடி மறைந்து கடைகள் வந்துவிட்டன. பெயர் மட்டும் அந்த உழைப்பைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

கேம்பல் தெருவில் உள்ள ஹமீதியா 1907ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. பினாங்கு சாலையை ஒட்டிய சந்தில் லைன் கிளியர் இருக்கிறது. இரண்டில் எது சிறந்தது என்று எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. நான் ஹமீதியா கட்சி. வரிசையில் நின்று தட்டு ஏந்தியவரிடம் நமக்கு வேண்டியதைச் சுட்டிக்காட்டினால் போதும்: மீன் சினை, கணவாய், வெண்டைக்காய், கறுப்பாக வறண்ட மாட்டிறைச்சி, தேன் சேர்த்த கோழி. அந்தக் கோழியை ‘ஆயாம் மாடு’ என்று சொல்வார்கள். மாட்டிறைச்சி என்று எண்ணி விலகிவிட வேண்டாம். மலாய் மொழியில் ‘மாடு’ என்ற சொல்லுக்குத் தேன் என்று பொருள், வடமொழி மதுவிலிருந்து போனது. கடைசியில்தான் முக்கியமான கட்டம் வரும். மீன் குழம்பில் ஒரு கரண்டி, கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, இறைச்சிக் குழம்பில் ஒரு கரண்டி என்று எல்லாவற்றையும் சோற்றின் மேல் கலந்து ஊற்றுவார்கள். சோறு குழம்பில் மூழ்க வேண்டுமானால் ‘பஞ்சிர்’ என்று சொல்லுங்கள். வெள்ளம் என்று அர்த்தம். குழம்புகளைத் தனித்தனியாக வாங்கிச் சாப்பிட்டுப் பழகிய தமிழகத்து விருந்தினர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். நான் அவர்களிடம் கெஞ்சியே கேட்டுக்கொள்வது, ஒரு தடவையாவது கலந்து வாங்குங்கள் என்பதுதான். தனித்தனியே எந்தக் குழம்பிலும் இல்லாத ஒரு சுவை அந்தக் கலப்பில்தான் பிறக்கிறது. பெரிய இறாலும் கணவாயும் மீன்தலையும் விலை கூடியவை. தட்டில் வைப்பதற்கு முன்பே விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழிலேயே கேட்கலாம், பல கடைகளில் தமிழிலேயே பதில் வரும். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் பல முஸ்லிம் கடைகள் மூடியிருக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் கொளுத்தும் பிற்பகலுக்கு கெங் குவீ தெருவின் முனையில் 1936இலிருந்து விற்கும் தியோச்சூ செண்டோல் இருக்கிறது. துருவிய பனிக்கட்டியின் மேல் பச்சை நிற மாவு இழைகள், சிவப்பு ராஜ்மா, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு. நின்றுகொண்டே குடித்துவிட்டு நகரலாம். பக்கத்திலேயே ஜூ ஹூய் காப்பிக்கடையில் அசாம் லக்சா கிடைக்கும். கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, நம் குடம்புளிக்கு உறவான ஒரு புளியின் காய்ந்த வில்லைகளைப் போட்டுக் கொதிக்கவிட்ட சாறு அது. அதில் தடித்த அரிசி நூடுல்ஸைப் போட்டு, அன்னாசி, வெள்ளரி, புதினா, இஞ்சிப் பூ ஆகியவற்றை மேலே தூவி, கறுப்பான இறால் விழுதை ஒரு கரண்டி சேர்ப்பார்கள். தேங்காய்ப்பால் இல்லாத இந்தப் புளிப்பு மீன்குழம்பு வகையைத் தமிழ் நாக்கு உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

மாலையில் பாடாங் கோத்தா லாமா திடலை ஒட்டிய கடற்கரைப் பக்கம் செல்லுங்கள். அங்கே தமிழ் முஸ்லிம்களின் இன்னொரு படைப்பான பசம்போர் கிடைக்கிறது. இறால் வடை, தௌஹு எனும் சோயாக் கட்டி, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை எல்லாவற்றையும் நறுக்கி, வெள்ளரியும் செங்குவாங் கிழங்கும் சீவிப் போட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நிலக்கடலையும் சேர்ந்த இனிப்பும் காரமுமான குழம்பை ஊற்றுவார்கள். சயாம் சாலையில் கரியடுப்பில் வறுக்கும் தட்டை அரிசி நூடுல்ஸான சார் குவே தியாவும் பெயர்பெற்றது. ஆனால் சீனக் கடைகளில் இதைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் செய்வார்கள் என்பதை, அதைத் தவிர்க்கும் விருந்தினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சைவ உணவு உண்போர் லிட்டில் இந்தியாவோடு நின்றுவிடுகிறார்கள். குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலைச் சுற்றி இட்லியும் தோசையும் இலைச் சாப்பாடும் குறைவில்லாமல் கிடைக்கும்தான். ஆயினும் சீனச் சைவக் கடைகளையும் நாடிப் பாருங்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பல சீனர்கள் புலால் தவிர்ப்பதால், அன்று அந்தக் கடைகள் களைகட்டும். ஒன்பதாம் மாதத்தில் நவராஜ தெய்வங்களின் திருவிழா நடக்கும் ஒன்பது நாட்களும் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் தெருவெங்கும் முளைக்கும்.

எனக்கு ஒரு கவலையும் உண்டு. 2000ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தபோது, பழைய கடைவீடுகளில் குடியிருந்த பல குடும்பங்கள் வாடகை தாளாமல் வெளியேறின. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி வந்தது. 2022இன் இறுதியில், சிறந்த உணவகங்களைப் பட்டியலிடும் மிஷலின் வழிகாட்டியும் வந்து சேர்ந்தது. நெடுங்காலம் அக்கம்பக்கத்தார் மட்டும் அறிந்திருந்த வண்டிகளின் முன்னால் இப்போது ஒரு மணி நேர வரிசை. அந்தப் புகழ் சமைப்பவருக்கு உரியதுதான். ஆனால் அவருடைய பிள்ளைகள் அதே அடுப்பின் முன்னால் வந்து நிற்பார்களா என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. ஆகவே பட்டியலில் இல்லாத வண்டியிலும் ஒரு வேளை சாப்பிடுங்கள். பக்கத்து மேசைக்காரர் எதைச் சாப்பிடுகிறார் என்று பார்த்துக் கேட்பதில் தவறே இல்லை.

இரவுக்கு ஓர் இடம் பாக்கி இருக்கிறது. 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் அருகில், இரவு பத்து மணிக்கு மேல் திறக்கும் நாசி கண்டார் கடை ஒன்றை எல்லோரும் ‘பெராத்தூர்’ என்றே அழைக்கிறார்கள். வரிசையில் நில் என்று பொருள். பக்கத்திலேயே சூலியா தெரு. அந்நாளில் தமிழ் முஸ்லிம் வணிகரைக் குறித்த சொல்லே அதன் பெயர். சித்தப்பாவை அடுத்த நாள் இரவு அந்த வரிசையில்தான் கொண்டுபோய் நிறுத்தினேன். அரை மணி நேரம் நின்றோம். தட்டு கைக்கு வந்ததும் அவர் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார், பிறகு கடைக்காரரைப் பார்த்து, “அண்ணே, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க” என்றார்.