கைவிடப்பட்ட மரம்

ஒரு கல்லூரிக்கு வலைத்தளம் செய்துகொண்டிருந்தோம். சுமார் முந்நூறு பக்கங்கள். துறைகள், அதற்குள் ஒவ்வொரு துறை, அதற்குள் ஆசிரியர்கள், பாடத்திட்டம் என்று அடுக்கடுக்காக இருக்கும். ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் செய்வதால் "எம்பிடிடி போட்டுவிடலாம், அரை நாள் வேலை" என்றேன். இப்படிக் கிளைவிட்டுப் போகும் பக்கங்களை, அதாவது ஒரு மரத்தை, டேட்டாபேஸில் வைக்க உதவும் ஆயத்தப் பேக்கேஜ் அது. முந்தைய வேலையில் நாலு வருடம் அதோடு புழங்கியவன்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி கிட்ஹப்பில் அதன் நிரல் இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டினான். "அண்ணா, இதைப் பராமரிக்க இப்போது ஆள் இல்லை என்று அறிமுகக் குறிப்பான ரீட்மீயிலேயே போட்டிருக்கிறார்களே." போட்டிருந்தார்கள். புதிய டேட்டாபேஸ் என்றால் உங்களுக்கு இது தேவைப்படாமலே போகலாம் என்ற பொருளிலும் ஒரு வரி இருந்தது. தன் சரக்கையே வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆள் இல்லை என்பதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்க எனக்கு மனம் வராது. எழுதி முடித்த கணக்கு பழசானால் தப்பாகிவிடுமா? ஆனால் இந்தக் கணக்கில் எனக்கு ஏற்கெனவே ஒரு வடு உண்டு.

எம்பிடிடி ஒவ்வொரு பக்கத்துக்கும் இடம், வலம் என்று இரண்டு எண் கொடுக்கும். முகப்பு 1, 10. அதன்கீழ் துறைகள் 2, 7. துறைகளுக்குள் வேதியியல் 3, 4. இயற்பியல் 5, 6. கடைசியாகத் தொடர்பு 8, 9. துறைகளுக்குக் கீழே என்னென்ன என்று கேட்டால், 2க்கும் 7க்கும் நடுவில் இருப்பதை எடுத்தால் போதும், ஒரே வினவல். படிக்க அபார வேகம். எழுதும்போதுதான் வினை. துறைகளில் கணிதத்தைச் சேர்த்தால் அது 7, 8 ஆகும். துறைகளின் வலம் 9, தொடர்பு 10, 11, முகப்பின் வலம் 12 என்று மற்றவை நகர வேண்டும். முந்தைய வேலையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பக்கங்களை நகர்த்தி, எண்கள் ஒன்றோடொன்று சிக்கி, கட்டண விவரப் பக்கம் விடுதிக்குக் கீழே போய் உட்கார்ந்தது. எல்லா எண்களையும் புதிதாகப் போடும் 'ரீபில்டு' ஓட்டினால் சரியாகும். இரவு பதினொன்றுக்கு ஓட்டினேன்.

அந்த எண் வித்தை பிறந்த காரணமே வேறு. அப்போது பல டேட்டாபேஸ்களுக்கு மரத்தில் ஏறி இறங்கத் தெரியாது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் 8.4இல், 2009இல், கிளைக்குள் கிளை என்று தானே தொடர்ந்து தேடும் ரிகர்சிவ் வினவல் வந்துவிட்டது, இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லுக்கு 8.0 வரை, அதாவது 2018 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நாங்களோ போஸ்ட்கிரெஸ்காரர்கள். முந்நூறு வரிசை அட்டவணைக்கு 'இதன் தாய்ப் பக்கம் எது' என்ற ஒரே ஒரு பத்தி, அதாவது நெடுவரிசை, போதும்.

வேரிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் போகும் பாதையை ஒரு எழுத்துச் சரமாக வைக்கும் ட்ரீபியர்ட் என்ற இன்னொரு பேக்கேஜையும் பார்த்தேன். வலைத்தள உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் வாக்டெயில் அதில்தான் ஓடுகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த முறையில் தாய்ப் பத்தி தனியாக இருக்காது. எம்பிடிடியில் அது இருக்கும். நாளைக்கு வெளியேற நினைத்தால் எண் பத்திகளைக் கழற்றிவிட்டுத் தாய்ப் பத்தியோடு நடையைக் கட்டலாம். உள்ளே வரும் வழியைவிட வெளியே போகும் வழியைத்தான் நான் இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறேன். அந்த ஒரு காரணத்துக்காக எம்பிடிடிக்கே ஒரு கணம் மனம் சாய்ந்தது, நிஜம்.

கடைசியில் பேக்கேஜ் எதுவும் வேண்டாம், தாய்ப் பத்தியும் நாமே எழுதும் வினவலும் போதும் என்று முடிவெடுத்தோம். வினவல் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மூன்றாம் நாள் கல்லூரியிலிருந்து கேட்டார்கள்: "பக்கத்தை மவுஸால் இழுத்து விட முடியாதா?" எம்பிடிடியில் அந்த அட்மின் திரை கூடவே வரும். இப்போது நான் எழுத வேண்டியதாயிற்று, இரண்டு வாரம்.

அப்புறம் தம்பி, சோதிக்கிறேன் என்று துறைகளை இழுத்து வேதியியலுக்குள் போட்டான். தாய் மகளுக்குள் போனதும் வினவல் முடிவே இல்லாமல் சுற்றத் தொடங்கியது. எம்பிடிடி இதை 'இன்வாலிட்மூவ்' என்று அதட்டித் தடுத்துவிடும். வேறு வழியில்லாமல், நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே பேக்கேஜைத் திறந்துவைத்து, இன்னும் எதையெல்லாம் தடுத்திருக்கிறார்கள் என்று இருவரும் வரி வரியாகப் படித்தோம்.