பல் அடைக்கப் போகிறீர்களா? நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

சொத்தையைச் சுரண்டி எடுத்ததும் "வெள்ளையா, வெள்ளியா?" என்று டாக்டர் கேட்பார். வாயைத் திறந்தபடி அவசரத்தில் பதில் சொல்ல வேண்டிய விஷயமில்லை இது. ஊசி போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். குழி எந்தப் பல்லில், எவ்வளவு ஆழம், ஈறுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா, அடைத்து முடியும்வரை எச்சில் படாமல் காக்க முடியுமா? இவைதான் கேள்விகள்.

எச்சில் விஷயத்தில் 'வெள்ளை' ஃபில்லிங்கான காம்போசிட் ரொம்பக் கறார். பல் நிறத்தில் இருக்கும் இந்தப் பிசின் தானாக ஒட்டாது. வழக்கமான முறையில், 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லைப் பல்லின் மேலோடான எனாமலில் 15 முதல் 30 விநாடி, உள்ளே இருக்கும் டென்டினில் 15 விநாடிக்கு மிகாமல் வைத்துக் கழுவுவார்கள். அடுத்து ஒட்டவைக்கும் பாண்டிங் திரவம், அதை இறுகவைக்க நீல ஒளி. பிறகு பிசினை 2 மி.மீ. கனத்துக்கு அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் மறுபடி ஒளி. ஒரேயடியாக அப்பினால் அடிப்பகுதி சரியாக இறுகாது. கனமாக வைப்பதற்கென்றே வரும் பல்க் ஃபில் வகைப் பிசின் மட்டும் 4 மி.மீ. வரை தாங்கும். இறுகும்போது பிசின் கொஞ்சம் சுருங்குவதால் விளிம்பில் இடைவெளி விழலாம். கூச்சமும், அடியில் மறுபடி சொத்தையும் அந்த வழியாகத்தான் வரும். எச்சில் படாமல் பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் போடுவீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

'வெள்ளி' என்று டாக்டர் சொல்லும் அமால்கத்தில் ஏறக்குறைய பாதி பாதரசம்; மீதி வெள்ளி, தகரம், செம்பு. லேசான ஈரத்தைப் பொறுக்கும், கடைவாயில் நன்றாக உழைக்கும். ஆனால் ஒட்டாது என்பதால், பிடிமானத்துக்காக நல்ல பல்லையும் குடைய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து, மருத்துவக் காரணம் இருந்தாலொழிய இதைத் தடுத்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வேண்டாம். அதற்காக வாயில் நன்றாக இருக்கும் பழைய அமால்கத்தைப் பெயர்ப்பது வீண் வேலை: குடையும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும்.

ஈறோரக் குழிக்கும் பால் பல்லுக்கும் கிளாஸ் அயனோமர் என்ற மூன்றாவது வகை ஃபில்லிங். பல்லோடு ரசாயனமாகவே ஒட்டும், ஃப்ளூரைடும் கசியும். கடிக்கும் பரப்பில் வைத்தால் தேய்ந்துவிடும்.

பல்லின் முகடே உடைந்திருந்தால் எந்த ஃபில்லிங்கும் நெடுநாள் நிற்பது சந்தேகம். அங்கே முகட்டை மூடும் ஆன்லே அல்லது பல் முழுவதையும் தொப்பி போல மூடும் கிரவுன் பற்றிப் பேச வேண்டும்.

எழுந்திருக்கும் முன் நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி உயரம் பார்ப்பார்கள். வாய் மரத்திருக்கும்போது கடி சரியாகத் தெரியாது. மறுநாள் அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் திரும்பப் போய்த் தேய்த்துவிட்டு வாருங்கள், ஐந்து நிமிட வேலை. பக்கத்துப் பல்லோடு சேரும் இடத்தில் ஃப்ளாஸ் நூலை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தடையே இல்லாமல் போனால் உணவு சிக்கும். நூல் கிழிந்தால் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. குளிர் பட்டால் நொடியில் வந்து போகும் கூச்சம் சில வாரங்களில் அடங்கும். எதுவும் படாமலே இரவில் துடித்தால் பிரச்சினை பல் நரம்பில் இருக்கலாம். உடனே காட்டுங்கள், ஃபில்லிங் வகையை மாற்றி அதைத் தீர்க்க முடியாது.