மூன்று பூனை, ஒரு வாளி தண்ணீர், அம்மா

எங்கள் வீட்டு ஹாலில் காலண்டர் தொங்கிய ஆணியில் போன மாதம் ஒரு போட்டோ ஏறியது. காலண்டர் சமையலறைக்குப் போனது. ராகுகாலம் பார்க்க ஒவ்வொரு தடவையும் எழுந்து நடக்க வேண்டியிருந்ததால், படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அம்மாவுக்கு அதன் மேல் கோபம்.

படம் 'டாலி அட்டாமிகஸ்', அதாவது 'அணு டாலி'. 1948-ல் நியூயார்க்கில் பிலிப் ஹால்ஸ்மன் எடுத்தது. தூரிகையோடு அந்தரத்தில் துள்ளுகிறவர் ஓவியர் சால்வதோர் டாலி. கூடவே மூன்று பூனைகள் பறக்கின்றன, தண்ணீர் வளைந்து பாய்கிறது, ஓரத்தில் ஒரு நாற்காலி மிதக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துப் படம். எனக்கு முதல் தடவை பார்த்தபோதே வயிற்றில் ஊஞ்சல் இறங்கிய மாதிரி இருந்தது.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய் நின்றாள்.

"அணுவுக்குள்ள எதுவும் எதையும் தொடாம மிதக்குதுல்லம்மா, அந்த மாதிரி..." என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும். இந்தத் தண்ணிய யாரு தொடச்சா?"

"சர்ரியலிசத்துல அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா. இது கனவு மாதிரி."

"கனவுல தண்ணி கொட்டுனா காலைல தரை காஞ்சிருக்கும். இது போட்டோ. எவளோ தொடச்சிருக்கா."

அடுத்து நாற்காலிக்குப் போனாள். மிதக்கிறது என்றேன். "மெதக்குதாம்ல! அவன் பொண்டாட்டி புடிச்சிட்டு நிப்பா, பாரு" என்று சொல்லிவிட்டு ராகுகாலம் பார்க்கப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி, அம்மாவை மடக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு அந்தப் படம் எடுத்த கதையைத் தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. நாற்காலியைப் பிடித்தது ஹால்ஸ்மனின் மனைவி இவோன். சட்டத்துக்குள் கை தெரிகிற, திருத்தாத பிரதிகூட இருக்கிறது. ஓவியம் வைக்கும் தாங்கி கூரையிலிருந்து மெல்லிய கம்பியில் தொங்கியது. ஹால்ஸ்மன் எண்ணுவார், மூன்று என்றதும் உதவியாளர்கள் பூனைகளையும் தண்ணீரையும் வீசுவார்கள், நான்கு என்றதும் டாலி தாவுவார். பிறகு ஹால்ஸ்மன் இருட்டறைக்குப் போய் பிலிமைக் கழுவிப் பார்ப்பார். அதற்குள் மற்றவர்கள் தரையைத் துடைத்து, பூனைகளைத் துரத்திப் பிடித்து வைக்க வேண்டும். டாலியின் முகம் மறைந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து. இப்படி 28 தடவை! எங்கள் வீட்டுக் கணக்குக்கு நாலு வாரம் தரை துடைக்கிற வேலை, ஒரே நாளில். எல்லாம் முடிந்தபோது மனிதர்கள் அத்தனை பேரும் நனைந்து, அழுக்காகி, சுருண்டுவிட்டார்களாம். பூனைகள் மட்டும் புதுசு போல இருந்தன என்று ஹால்ஸ்மனே சொல்லியிருக்கிறார்.

காலையில் தோல்வியை ஒப்புக்கொண்டேன். அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. முதலில் தண்ணீருக்குப் பதில் பாலை வீசலாம் என்றுதான் யோசித்தார்கள், போர் முடிந்த நேரத்தில் பாலை வீணாக்கினால் ஊர் திட்டும் என்று விட்டுவிட்டார்கள் என்றும் சொன்னேன்.

"பாலா? பால ஊத்துனா பூனை ஏன்டா பறக்குது? உக்காந்து நக்கும்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு வேலை கிடைத்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு. டாலி அவன்தான். பூனைக்கு, மாடிப்படியில் குடியிருந்து அம்மாவிடம் பால் குடிக்க வருகிற சாம்பல் பூனையைக் குறித்து வைத்திருந்தான். "அதத் தொட்டா ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது" என்றாள் அம்மா. 'ரெண்டு பேருக்கும்' என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே தலையணை.

போன் மனைவி கையில். நாற்காலி என் கையில். தண்ணீரும் தலையணையும் பக்கத்து வீட்டுப் பையன் பொறுப்பு. அம்மா எதுவும் பேசாமல் மாப்பைக் கொண்டுவந்து என் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பூனையோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் தடவை மகன் 'ரெண்டு'க்கே குதித்துவிட்டான். இரண்டாவது தடவை தண்ணீர் நேராக டாலி படத்தின் கண்ணாடியில் அடித்தது. மூன்றாவதில் தலையணை ஃபேனில் பட்டுத் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு மாப்பை எடுத்தவன் நான். ஆறாவதோடு மனைவி போனை உள்ளே வைத்துவிட்டாள். 28 எங்கே, ஆறு எங்கே. இவோன் மேல் எனக்கு இப்போது தனி மரியாதை. பிளாஸ்டிக் நாற்காலிதான், ஆனாலும் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.

இருப்பதில் நல்லது ஐந்தாவது படம். அதில் மகனின் ஒரு குதிகால் தெரிகிறது. தலையணை ஒரு வெள்ளைக் கறை. ஜன்னலில் பூனை, ஒரு சொட்டு ஈரமில்லாமல். தெள்ளத் தெளிவாக விழுந்திருப்பது நான்தான்: மடித்துக் கட்டிய லுங்கி, 'நாலு' என்று திறந்த வாய், தலைக்கு மேலே நாற்காலி.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரு மணி நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் பெரியத்தை மட்டும் கேட்டிருந்தார்:

"புது சேரா தம்பி? எவ்வளவு ஆச்சு?"