ஒரு தேர்தலுக்கு வராதவரும் வாக்காளர்தான்

தபால் வாக்கு பற்றி யார் பேசினாலும் எனக்கு 2011-இல் அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த வழக்குதான் நினைவுக்கு வரும். 2010 பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடவில்லையா, அங்கே அப்போதைய விதிப்படி நீங்கள் 'செயலற்ற வாக்காளர்'. இப்படிப்பட்ட வாக்காளர்களுக்கும் வழக்கம்போலத் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்ப டென்வர் மாவட்டத் தேர்தல் அதிகாரி டெப்ரா ஜான்சன் தயாரானார். அனுப்பக் கூடாது என்று, மாநிலத் தேர்தல்களுக்குப் பொறுப்பான மாநிலச் செயலர் ஸ்காட் கெஸ்லர் நீதிமன்றம் போனார். எல்லா மாவட்டத்துக்கும் ஒரே விதி வேண்டும், முறைகேட்டுக்கு இடம் தரக் கூடாது என்பது அவர் தரப்பு.

சரி, ஒரே விதி நியாயம்தான். ஆனால் பியூப்லோ மாவட்டத்தில், செயலற்றோர் பட்டியலில் இருந்த ராணுவத்தினருக்கும் அனுப்பக் கூடாது என்றாரே கெஸ்லர், அதை எப்படி ஏற்பது? வெளிநாட்டு முகாமில் இருக்கும் சிப்பாய் ஒரு தேர்தலைத் தவறவிட ஆயிரம் காரணம் இருக்கும். முறைகேடு பயம் என்றால், திரும்பி வரும் உறையில் வாக்காளர் கையெழுத்து இருக்கிறது. பதிவேட்டில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் சீட்டை எண்ணுவார்கள். சீட்டே போகாதவருக்கு எந்தச் சோதனையும் உதவாது.

அந்த அக்டோபரில் டென்வர் சீட்டு அனுப்புவதற்குத் தடை விதிக்க நீதிபதி பிரையன் விட்னி மறுத்தார். அப்புறம் 2013-இல் மாநிலமே சட்டத்தை மாற்றியது. ஓட்டுப் போடாததற்காகச் செயலற்றவர் ஆக்கும் வகையே போய்விட்டது. தபால் திரும்பி வந்த முகவரிகளைத் தவிர, பதிவு செய்த எல்லோர் வீட்டுக்கும் இப்போது சீட்டு வருகிறது.