பின்தளத்தைக் கழற்றக்கூடியதாக மாற்றினேன்

எங்கள் பழைய டீசல் ஜீப்பின் பின்தளம் (பின்பக்கத் தரைத்தகடு) உடலோடு வெல்டிங் செய்யப்பட்டிருந்ததால், டேங்கின் மேற்புறத்தில் இருக்கும் எரிபொருள் அளவுமானியின் மிதவையைப் பார்க்கக்கூட டேங்கையே கீழே இறக்க வேண்டியிருந்தது. 2009இல் சாலைக்கு வந்த டாட்டா நானோவில் பின்பக்கத் தளத்தின் தகட்டைக் கழற்றியே எஞ்சினை அணுகுவார்கள். அந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் பிடிக்கும்.

டேங்கையும் பாட்டரியையும் வெளியே எடுத்துவிட்டு, தீப்பொறி பறக்கவைக்கும் கிரைண்டரைத் தொடாமல், ஒவ்வொரு வெல்டிங் புள்ளியையும் துளையிட்டுப் பிரித்தோம். தகடு மேலெழுந்தபோது, வண்டியின் அடிச்சட்டமான சேஸின் மேல்விளிம்பில் வருடக்கணக்காகப் படிந்த ஈரமண்ணும், அதனடியில் செதில் செதிலாக உரிந்த துருவும், பிரேக் குழாயைப் பிடித்திருந்த கிளிப் அரித்துப்போய் நூலாகத் தொங்கியதும் கண்ணில் பட்டன. தளம் கழன்றிராவிட்டால் அந்தக் கிளிப்பை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எண்ணும்போது இன்னமும் மனம் பதறுகிறது.

குறுக்குச் சட்டங்களை வெட்டவில்லை. சீட் பெல்ட் பிடிமானங்களும் சட்டத்திலேயே இருக்கின்றன. துருவைச் சுரண்டி பிரைமர் அடித்த பின், சட்டத்தில் ரிவெட் நட்டுகளை (துளையில் செருகி இறுக்கினால் அங்கேயே நிலைத்துவிடும் நட்டுகள்) பதித்து, புதிய தகட்டை 6 மி.மீ. போல்ட்டுகளால் பூட்டினோம். தகடு அலுமினியம், சட்டம் இரும்பு; இரண்டும் நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும் என்பதால், தண்ணீரும் புகையும் உள்ளே வராமல் தடுக்கும் ரப்பர் பட்டையை இடையில் சுற்றிலும் ஒட்டினேன். போல்ட் மரைகளில் கிரீஸ் தடவுவது அவசியம். இல்லையேல் துருப்பிடித்த போல்ட்டோடு சேர்ந்து நட்டும் சுழலும்.

நேற்று டேங்கை இறக்காமலேயே மிதவையை மாற்றிவிட்டேன்.