நிலப் பயன்பாட்டில் முதுநிலைப் படிப்பு: வெளிநாடு போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

நீடித்த நிலப் பயன்பாடு, நில மேலாண்மை, நிலவள அறிவியல் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் முதுநிலைப் படிப்புகள் பெயரளவில்தான் ஒன்றுபோல இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று வகை. மண், பயிர், காடு என்று களத்தில் நிற்கிற படிப்பு ஒன்று. செயற்கைக்கோள் படங்களோடும் வரைபட மென்பொருளோடும் கணினி முன்னால் நடக்கிற படிப்பு இன்னொன்று. நில உரிமை, சட்டம், திட்டமிடல் என்று கொள்கைப் பக்கம் போவது மூன்றாவது. மண்ணைப் படிக்கப் போகிறோம் என்று நினைத்துச் சேர்ந்து, இரண்டு வருடமும் கொள்கைக் கட்டுரை எழுதிவிட்டுத் திரும்பினால் அந்த ஏமாற்றத்தைச் சரிசெய்ய வழியே இல்லை.

அதனால் விளம்பரப் பக்கத்தை விட்டுவிட்டுப் பாடத்திட்டக் கையேட்டைத் தேடிப் படியுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை கிரெடிட், எத்தனை நாள் களப்பயிற்சி, தேர்வா அறிக்கையா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஐரோப்பாவில் ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட், இரண்டு வருடப் படிப்புக்கு 120. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆகவே 6 கிரெடிட் பாடம் என்றால் 150 மணி நேரத்துக்குக் குறையாது. புள்ளியியல், மண்ணியல், புவித்தகவல் அமைப்பு (கணினி வரைபடங்களில் இடத் தரவுகளை ஆராயும் முறை), களப்பயிற்சி நான்கிலும் கட்டாயக் கிரெடிட் எத்தனை என்று கூட்டிப் பாருங்கள். புள்ளியியலும் களப்பயிற்சியும் விருப்பப் பாடமாக மட்டும் இருந்தால், களத்தில் வேலை செய்ய நினைப்பவர்கள் அந்தப் படிப்பை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஆய்வேட்டின் எடையையும் பாருங்கள். பல இடங்களில் அது 30 கிரெடிட். நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தில் வழக்கமாக 36, அதற்கு மேல் 24 கிரெடிட்டுக்கு வேலைப் பயிற்சியும் உண்டு. அங்கே இரண்டாம் வருடம் கிட்டத்தட்ட முழுவதும் சொந்த ஆய்வுதான்.

உதவித்தொகையில், பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகளுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி ஜனவரிக்குள் முடிந்துவிடும், வகுப்பு அடுத்த இலையுதிர் காலத்தில். மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD), வளர்ச்சி சார்ந்த முதுநிலைப் படிப்புகளுக்கென்று தனியாக உதவித்தொகை தருகிறது. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தாராண்டில் நடத்தும் வெப்பமண்டல வனவியல் படிப்பு அந்த வகையில் வருவது. இந்த டாட் உதவித்தொகைக்குப் பட்டம் பெற்றபின் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. விண்ணப்பத்தை டாட் அலுவலகத்துக்கு அனுப்பக்கூடாது, படிப்பை நடத்தும் துறைக்கே அனுப்ப வேண்டும்.

விண்ணப்பக் கடிதத்தில் இயற்கை மீதான அன்பை எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ஒரு கேள்வியை எழுதுங்கள். "மேய்ச்சல் நிலம் மரத்தோப்பாக மாறினால் மேல்மண்ணின் கார்பன் எத்தனை வருடத்தில் மாறும், அதை எந்த ஆழம்வரை அளக்க வேண்டும்?" என்று கேட்கிறவருக்கு என்ன படிக்கப் போகிறோம் என்பது தெரியும். தேர்வுக் குழு தேடுவது அதைத்தான்.

அந்தக் கேள்வியையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், இந்தப் படிப்பின் கடினமான பகுதி அதில்தான் இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் எத்தனை டன் கார்பன் என்று கணக்கிட மூன்று எண்கள் வேண்டும்: கார்பன் சதவீதம், மண்ணின் பரும அடர்த்தி (ஒரு கன அளவு மண்ணின் உலர்ந்த எடை), ஆழம். 1.5 சதவீதம், கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம், 30 சென்டிமீட்டர் என்றால் மூன்றையும் பெருக்கி 58.5 டன். சதவீதத்தை ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். தவறு நடப்பது அடர்த்தியில். 100 கன சென்டிமீட்டர் எஃகு வளையத்தைக் குழியின் பக்கச் சுவரிலோ சமப்படுத்திய தரையிலோ நேராக இறக்கி, இருபுறமும் கத்தியால் மட்டமாக வெட்டி, 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவைக்க வேண்டும். பெரும்பாலும் 24 மணி நேரம் போதும். மண் மிகவும் காய்ந்திருந்தால் சுத்தியல் அடியில் உதிர்ந்து வளையத்துக்குள் வெற்றிடம் விழும், அடர்த்தி குறைவாக வரும். ஈரக் களிமண்ணில் வளையம் மண்ணை அமுக்கிவிடும், அதிகமாக வரும். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கற்களைச் சலித்து எடுத்து அவற்றின் பங்கைக் கழிக்காவிட்டால், கல்லுக்கும் கார்பன் இருப்பதாகக் கணக்கு சொல்லும். கார்பன் அளக்கும் மாதிரியை இந்த 105 டிகிரி அடுப்பில் வைக்காதீர்கள். அது தனி மாதிரி, நிழலில் உலர்த்த வேண்டும். சுண்ணாம்பு உள்ள மண் என்றால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டதும் நுரைக்கும். அப்போது எரித்து அளக்கும் கருவி காட்டும் மொத்தக் கார்பனில் கரிமமல்லாத பங்கும் சேர்ந்திருக்கும், அதைப் பிரித்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் ஒரு பொறி இருக்கிறது. கனரக இயந்திரம் ஓடி அதே மண் இறுகி, அடர்த்தி 1.45 ஆனது என்று வையுங்கள். சதவீதம் மாறவில்லை, ஆனால் கணக்கு 65.25 டன் காட்டும். கார்பன் கூடவே இல்லை, அதே 30 சென்டிமீட்டருக்குள் கூடுதல் மண் அடைந்திருக்கிறது, அவ்வளவுதான். இதனால்தான் ஒரே ஆழத்தை ஒப்பிடாமல் ஒரே மண் நிறையை ஒப்பிடச் சொல்கிறார்கள். அதற்கு 30 சென்டிமீட்டரோடு நிறுத்தாமல் 50 வரை அடுக்கடுக்காக எடுத்திருக்க வேண்டும், பிறகு போய் எடுக்க முடியாது. உழாத விவசாயம் கார்பனைக் கூட்டுகிறது என்ற முடிவுகளையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். உழாத நிலத்தில் கார்பன் மேலடுக்கில் சேர்கிறது, மேலடுக்கை மட்டும் அளந்தால் பலன் பெரிதாகவே தெரியும்.

செயற்கைக்கோள் பக்கம் வேறு வகையான பொறி. ஐரோப்பாவின் சென்டினல்-2 இரண்டு செயற்கைக்கோள்களுடன் ஒரே இடத்துக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும், முக்கிய ஒளிப் பட்டைகளில் ஒரு படப்புள்ளி தரையில் 10 மீட்டர். அமெரிக்காவின் லேண்ட்சாட் 30 மீட்டர்தான், ஆனால் அதன் படத்தொகுப்பு 1972 முதல் இருக்கிறது, 30 மீட்டர் படங்கள் 1982 முதல். 50க்கு 50 மீட்டர் வயல் சென்டினலில் 25 புள்ளி, அதில் 16 ஓரத்தில் இருப்பவை. லேண்ட்சாட்டில் மூன்று புள்ளிகூட முழுதாக வராது. சிறு வயல்களின் மாற்றத்தை லேண்ட்சாட்டில் தேடும் ஆய்வுத் திட்டம் தொடக்கத்திலேயே தோற்றுவிடும். அடுத்தது துல்லியம். காட்டின் இரண்டு சதவீதம்தான் அழிந்திருக்கிறது என்றால், எங்கும் எதுவும் அழியவில்லை என்று சொல்லும் வரைபடமும் 98 சதவீதம் சரி! ஒட்டுமொத்தத் துல்லியத்தை மட்டும் போட்ட ஆய்வேட்டைத் தேர்வாளர் அங்கேயே பிடித்துவிடுவார். மாறிய பகுதியில் தனியாகச் சோதனைப் புள்ளிகள் எடுத்து, ஒவ்வொரு வகைக்கும் தவறவிட்டது எவ்வளவு, தவறாகச் சேர்த்தது எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டுங்கள். வரைபட மென்பொருள் கியூஜிஐஎஸ் (QGIS), புள்ளியியல் மென்பொருள் ஆர் (R) இரண்டும் இலவசம். சேருவதற்கு முன்பே தினமும் ஒரு மணி நேரம் கொடுத்துப் பழகிவிட்டால் முதல் பருவத்தின் பாரம் பாதி குறையும்.

ஆய்வேட்டுக்கு இன்னொரு நாட்டில் களவேலை செய்யப் போகிறீர்கள் என்றால், நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். மழைக்காலத்தில் குழி தோண்ட முடியாது, அறுவடை நேரத்தில் விவசாயிக்குப் பேட்டி கொடுக்க நேரம் இருக்காது. பேட்டி எடுப்பதென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு விமானம் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். நோய்க்கிருமியும் பூச்சியும் பரவும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் வெளிநாட்டு மண்ணைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆய்வுக்கென்று தனி அனுமதிக் கடிதமும், அந்த மண்ணைப் பெறத் தகுதியுள்ள ஆய்வுக்கூடமும் வேண்டும். மண்ணில் உள்ள நுண்ணுயிர் மரபணுவை ஆராய்வதென்றால் மரபணு வளங்களைப் பயன்படுத்துவது பற்றிய சர்வதேச நகோயா ஒப்பந்தத்தின்படி மாதிரி எடுக்கும் நாட்டின் ஒப்புதலும் தேவைப்படலாம். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் நல்ல வழி, களம் இருக்கும் நாட்டிலேயே ஒரு ஆய்வுக்கூடத்தைப் பிடித்து உலர்த்துவது, சலிப்பது, எடை போடுவது, கார்பன் அளப்பது எல்லாவற்றையும் அங்கேயே முடித்து, எண்களை மட்டும் கொண்டுவருவது. ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கை அங்கேயே பத்திரமாக வைத்துவிட்டு வாருங்கள். ஏதாவது ஒரு எண் பொருந்தவில்லை என்று வழிகாட்டி கேட்டால் மறுபடி அளக்க அது வேண்டும்.