இஞ்சு டேப்பும் என் இடுப்பும்

பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையோரம் எங்கள் ஊர். வயசு 54. முப்பது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். நடுவில் மறைத்து எழுதினால் எழுதியே பிரயோஜனம் இல்லை என்பதால் எல்லாவற்றையும் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

மாதவிடாய் நின்று இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. போன வருஷம் தை மாதம் பாவாடையில் காசளவுக்கு ஒரு கறை. சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். நின்றது. பத்து நாள் கழித்துத் திரும்பவும் பட்டது. இப்படியே மூன்று மாதம், அவருக்குக்கூடத் தெரியாது. கொல்லைக் கொடியில் காய்ந்த துணியைப் பார்த்து ஓரகத்திதான் கண்டுபிடித்தாள். "ஏன்க்கா, உனக்கு நின்னு எவ்வளவு நாளாச்சு, இது என்ன?" என்றாள். முதலில் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். "நிக்கிற வயசுல இப்படித்தாம்மா முன்னபின்ன வரும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நின்றே இரண்டரை வருஷம் ஆகிவிட்டதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அந்தச் சத்து மாத்திரையில் இன்னும் இரண்டு வாரம் போயிற்று.

அப்புறம் ஓரகத்தியே தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். வயிற்று ஸ்கேன் என்று ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, அடக்க முடியாமல் பெஞ்சில் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால், கடைசியில் உள்ளே கருவி வைத்துப் பார்க்க வேண்டும், அதற்குச் சிறுநீர் இருக்கக்கூடாது, போய்விட்டு வாங்க என்கிறார்கள். கர்ப்பப்பையின் உள்பக்கச் சவ்வு 11 மி.மீ. தடித்திருந்தது. மாதவிடாய் நின்று ரத்தம் படுகிறவர்களுக்கு 4 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லையாம், அதைத் தாண்டினால் சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். இப்படி ரத்தம் படுகிற பத்துப் பேரில் சுமார் ஒருத்தருக்குத்தான் புற்றுநோயாக இருக்கும் என்று டாக்டரம்மா ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அந்த ஒருத்தர் மட்டும்தான் காதில் விழுந்தது.

பயாப்ஸி என்றதும் கத்தி என்று நினைத்தேன். பேனா ரீஃபில் பருமனில் ஒரு குழாய், அவ்வளவுதான். மாதவிடாய் வலி இரண்டு மடங்காக ஒரு நிமிஷம் சுருட்டிப் பிடித்தது, விட்டது. எடுத்த சதையை ஒரு சின்ன டப்பாவில் மருந்துத் தண்ணீர் ஊற்றிப் போட்டு எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள், லேபில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று. துணிக்கடை மஞ்சப்பையில் அதை வைத்துக்கொண்டு இரண்டு தெரு நடந்தோம். என் கர்ப்பப்பையிலிருந்து ஒரு துண்டு அந்தப் பையில் ஆடிக்கொண்டே வந்தது. ஒரு விஷயம், டப்பாவில் ஒட்டிய சீட்டைப் படித்துப் பாருங்கள். என் வயசை 34 என்று எழுதியிருந்தார்கள், ஓரகத்தி பார்த்ததால் திருத்தினோம். 34 வயசுக்காரியின் சவ்வு 11 மி.மீ. இருப்பது ஒன்றும் அதிசயமில்லை, 54இல்தான் அதற்கு அர்த்தமே வேறு.

ஒன்பது நாள் கழித்து ரிசல்ட். சவ்வு அளவுக்கு மீறி வளர்ந்திருக்கிறது, ஆனால் செல்கள் கெட்டுப்போகவில்லை, புற்றுநோய் இல்லை. செல்லும் மாறியிருந்தால் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லியிருப்பார்களாம். சரி, தப்பித்தோம் என்று எழுந்தால், "உட்காருங்கம்மா, எடை எவ்வளவு?" என்றார். 86 கிலோ. உயரம் 154 செ.மீ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற பிஎம்ஐ கணக்குப் போட்டால் 36. நம் ஆட்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் உடல் பருமன். இடுப்பளவு கேட்டார். கைப்பையில் டேப் எப்போதும் இருக்கும். முப்பது வருஷத்தில் எத்தனை பேர் இடுப்பில் அதைச் சுற்றியிருப்பேன், எனக்கு நானே சுற்றிப் பார்த்தது அன்றைக்குத்தான். 41 அங்குலம். பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டுமாம்.

"அதுக்கும் இதுக்கும் என்ன டாக்டர்?" என்றேன். புகையிலை போட்டால் கேன்சர் என்று தெரியும், சதைக்கும் கேன்சருக்கும் முடிச்சுப் போட்டு யாரும் சொன்னதில்லை. எங்கள் பக்கம் உடம்பு பூசினாற்போல் இருந்தால் வீட்டுக்காரர் நன்றாக வைத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். டாக்டரம்மா சொன்னது இதுதான்: சினைப்பை ஓய்ந்தாலும் கொழுப்பு ஓய்வதில்லை, அது சும்மா கிடக்கிற மூட்டையும் இல்லை, சவ்வை வளர்க்கிற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தானே தயாரிக்கும். அதைத் தட்டிவைக்கிற புரொஜெஸ்டிரோன் அந்த வயசில் இருக்காது, அதனால் சவ்வு வளர்ந்துகொண்டே போகும். இன்சுலினும் கூடிவிடும், அதுவும் செல்லை வளரச் சொல்லும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் உடல் பருமனோடு தொடர்புள்ளவை என்று 13 வகைப் புற்றுநோய்களைச் சொல்லியிருக்கிறது. பெருங்குடல், கல்லீரல், சிறுநீரகம், பித்தப்பை, கணையம், மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோய் எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றிலும் கர்ப்பப்பைச் சவ்வுக்குத்தான் தொடர்பு ரொம்ப அழுத்தம், பருமனானவர்களுக்கு ஆபத்து 2 முதல் 4 மடங்கு. குண்டாக இருக்கிற எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை என்பதையும் சொன்னார்.

கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் காயில் என்கிற சின்னக் கருவியை வைத்தார்கள். 54 வயசில் காப்பர் டி மாதிரி ஒன்றா என்று அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. அது புரொஜெஸ்டிரோன் வகை மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயாப்ஸி.

எடைதான் பெரும்பாடு. கல்யாணமான புதிதில் குறுவைக்கும் சம்பாவுக்கும் நடவுக்குப் போவேன், குனிந்த முதுகு நிமிராது, அப்போது 50 கிலோ. இப்போது நடவு மிஷின் வந்துவிட்டது, நானும் தையல் மிஷினில் மோட்டார் மாட்டிவிட்டேன், காலுக்கும் வேலையில்லை. சோறு மட்டும் அதே நடவாள் சோறு! அதைப் பாதியாக்கி, நாலு வேளைக் காபியைச் சர்க்கரை இல்லாமல் இரண்டாக்கி, விடியற்காலை ஆற்றங்கரையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். சாயங்கால போண்டாவை விடத்தான் அழுகை வந்தது. ஏழு மாதத்தில் 7 கிலோ குறைந்தது. தெருவில், "என்ன, சீக்கா? இப்படி இளைச்சுட்ட" என்கிறார்கள். சீக்கு வராமலிருக்கத்தான் இளைக்கிறேன் என்றால் நம்புவதில்லை.

கார்த்திகையில் எடுத்த பயாப்ஸியில் சவ்வு சரியாகிவிட்டதாக வந்தது. இன்னொரு முறையும் அப்படியே வர வேண்டும், வைகாசியில் போகணும். அப்புறமும் என் எடைக்கு வருஷம் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இடுப்பு இப்போது முப்பத்தெட்டரை. ஓரகத்தியையும் பிடித்து நிறுத்தி டேப் வைத்தேன், 37. அவளும் நாளையிலிருந்து நடக்க வருகிறாளாம், ஐந்து மணிக்கு நான்தான் போய் எழுப்பணும்.